பெண் பறவையின் செவி

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் சாலை, தமிழ்நாட்டின் தேயிலைத் தோட்டங்களையும் கேரளத்தின் வாழச்சால் காட்டையும் இணைக்கிறது. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறதே தவிர, காடு மாறுவதில்லை. எல்லைக்கு அப்பால் இருக்கும் தோட்டக் குடியிருப்புகளிலும் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். அந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு, பொங்கல் முடிந்து குளிர் குறையத் தொடங்கும் நாட்களைவிட விருப்பமான பருவம் வேறில்லை. குக்குறுவான்கள் பகல் முழுவதும் ஓயாமல் கூப்பிடத் தொடங்கும். காட்டுக்கோழிச் சேவல்கள் தேயிலைச் சரிவுகளின் விளிம்பிலிருந்து கூவும். பெரிய இருவாச்சிகள் இரண்டிரண்டாகப் பள்ளத்தாக்கைக் கடக்கும்.

இந்தப் பருவத்தில் காட்டுக்கு வருபவர்கள் எடுக்கும் படங்களிலும் காணொளிகளிலும் ஆண் பறவையே நிறைந்திருக்கிறது. நிறம் அதனுடையது, ஆட்டம் அதனுடையது, குரல் அதனுடையது. ஆகவே அது இயல்புதான். பெண் பறவை படத்தின் ஓரத்தில் மங்கலாக நிற்கும், அல்லது படத்திலேயே இருக்காது. ஆனால் இந்த ஆட்டங்களையும் ஒலிகளையும் உண்மையில் புரிந்துகொள்ள விரும்புகிறவர் பெண்ணிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆணின் நிறமும் குரலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்துவந்த தேர்வில் உருவானவை. அந்தத் தேர்வில் பெண் எதைக் கேட்கிறது என்பதோ, கூடும் குஞ்சும் வந்த பிறகு ஆண் எவ்வளவு பங்கு ஏற்கிறது என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது.

1871-இல் டார்வின் பெண்ணின் தேர்வு என்னும் கருத்தை விரிவாக முன்வைத்தபோது, அறிஞர் உலகம் அதை எளிதில் ஏற்கவில்லை. பெண்ணுக்காக ஆண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை ஒப்புக்கொண்டவர்கள்கூட, பெண் பறவை பார்த்து, ஒப்பிட்டு, ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைச் சாராமல் தனித்தே கண்டடைந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இதில் அவரோடு முரண்பட்டு நின்றார் என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் செய்தி. 1857-இல் நியூகினியை ஒட்டிய ஆரு தீவுகளுக்குப் போய், சொர்க்கப் பறவைகளின் ஆண்கள் பெருமரங்களில் கூடித் தூவிகளை விரித்து ஆடும் செய்தியை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர் அவரே. அத்தனையையும் அறிந்திருந்தும், அந்த அழகின் காரணம் பெண்ணின் விருப்பமாக இருக்கலாம் என்பதை அவர் ஏற்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அந்தக் கேள்வி மீண்டும் சோதனைகளுக்கு உள்ளானது.

அந்தச் சோதனைகளில் ஒன்று நம் மயிலைப் பற்றியது. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறத் தொடங்கும் முன், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மயில் ஆடுவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அமெரிக்காவில் பெண் மயில்களின் தலையில் கண்ணசைவைப் பதிவு செய்யும் சிறு கருவியைப் பொருத்தி, ஆண் ஆடும்போது அவை எங்கே பார்க்கின்றன என்று ஆராய்ந்தார்கள். 2013-இல் முடிவுகள் வெளியாயின. பெண் மயில் தோகையின் கீழ்ப் பகுதியையே அதிகம் நோக்குகிறது. தலையையும் தோகையின் மேல்விளிம்பையும் அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதைவிட முக்கியமாக, ஆண் எதிரே நின்று ஆடும் நேரத்திலும் பெண்ணின் பார்வை பெரும்பகுதி சுற்றுப்புறத்தின் மீதே இருக்கிறது. தனக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்பதை அது ஒரு நொடியும் மறப்பதில்லை. பெண் கவனிக்காமல் இரை பொறுக்குகிறதே என்று நாம் நினைக்கும் வேளையில், அது துண்டு துண்டான பார்வைகளால் ஆணை அளந்துகொண்டிருக்கிறது.

மயிலின் ஆட்டம் கண்ணுக்கு மட்டும் உரியதும் அன்று. தோகையை விரித்து நிற்கும் ஆண், நொடிக்கு ஏறத்தாழ 25 முறை அதைச் சிலிர்க்கிறது. நம் காதுக்கு எட்டும் சலசலப்போடு, மனிதச் செவிக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலியும் அதில் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண் மயிலின் தலையில் இருக்கும் கொண்டை இறகுகள் அதே வேகத்தை ஒட்டிய அதிர்வுக்கு இசைந்து அசைகின்றன என்பது 2018-இல் வெளியான செய்தி. ஆணின் தோகை எழுப்பும் அசைவைப் பெண் தன் கொண்டையாலும் உணரக்கூடும் என்றால், நாம் ஆட்டம் என்று அழைப்பதில் எவ்வளவு நம் புலனுக்கு எட்டாமல் போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலை ஏறினால் இருவாச்சிகளின் நாடு. மலையாளத்தில் மலமுழக்கி வேழாம்பல் என்று அழைக்கப்படும் பெரிய இருவாச்சி கேரளத்தின் மாநிலப் பறவை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு விரியும் இறக்கை. அதன் இறக்கைகளின் அடியில், பறப்புச் சிறகுகளின் அடிப்பகுதியை மூடிக் காக்கும் சிற்றிறகுகள் இல்லை; ஆகவே ஒவ்வொரு வீச்சிலும் காற்று சிறகுகளின் இடைவெளியில் புகுந்து பேரொலி எழுப்புகிறது. வகுப்பு நடக்கும்போது அந்த ஒலி கேட்டால் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள், நான் தலையசைப்பேன், எல்லோரும் சன்னலுக்குப் போய்விடுவோம். பாடம் பிறகு நடக்கும்.

இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கும் காடர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரிடம், கூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். காட்டில் பிறந்து வளர்ந்த அவருடைய பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். "டீச்சரே, ஆணைப் பாத்துக்கிட்டே நின்னா ஒண்ணும் தெரியாது. அது ஊரெல்லாம் சுத்தும். பெண்ணு எந்தப் பொந்துக்குள்ள தலைய விட்டுப் பாக்குதுன்னு பாருங்க. ஒரு தடவ பாத்துட்டுப் போயிரும். மறுபடியும் அதே மரத்துக்கு வந்துச்சுன்னா, அதுதான் வீடு." அவர் சொன்னதற்குப் பிறகு இருவாச்சி இணைகளை நான் பார்க்கும் முறையே வேறாகிவிட்டது.

இணையில் எது பெண் என்று தெரிந்துகொள்வது கடினமன்று. ஆணின் விழி சிவப்பு. பெண்ணின் விழி வெளிறிய வெண்மை. பெண் உருவத்தில் சற்றுச் சிறியது. அலகின் மேலிருக்கும் பெரிய மஞ்சள் புடைப்பு இரண்டுக்கும் உண்டு என்றாலும், ஆணின் புடைப்பில் முன்னும் பின்னும் கறுப்பு இருக்கும். அந்த மஞ்சள் முழுவதும் பிறவி நிறமன்று என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, மஞ்சள் நிற எண்ணெயை எடுத்து, அலகிலும் கழுத்திலும் இறக்கையின் வெண்பட்டையிலும் பறவை தானே பூசிக்கொள்கிறது. தினமும் செய்து தீர வேண்டிய வேலை இது. நோயுற்ற பறவைக்கோ பட்டினி கிடக்கும் பறவைக்கோ இதற்கு நேரம் இருக்குமா என்று யோசித்தால், பளிச்சிடும் மஞ்சள் பெண்ணுக்கு என்ன சொல்லக்கூடும் என்பது விளங்கும்.

காலையில் இணை ஒன்று உயர்ந்த மரத்தில் அமர்ந்ததும், ஆண் நொடிக்கு ஒன்று என்ற அளவில் "கொக்... கொக்..." என்று ஒற்றைக் குரல் கொடுக்கத் தொடங்கும். சிறிது நேரத்தில் பெண் சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வேகமெடுத்து, குரைப்பும் உறுமலும் கலந்த முழக்கமாகி, எதிர்மலையில் மோதித் திரும்பும். ஆண் குரல் எது, பெண் குரல் எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு அவை இணைந்துவிடும்போது, அது அழைப்பா, உறுதிமொழியா, இந்த மரம் எங்களுடையது என்று அண்டை இணைக்கு விடுக்கும் அறிவிப்பா என்று பிரிப்பதும் தேவையற்றதாகிவிடுகிறது. ஆண்கள் வானில் நேருக்கு நேர் பறந்து வந்து அலகுப் புடைப்புகளால் மோதிக்கொள்ளும் காட்சியும் ஆனைமலையில் பதிவாகியிருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கும் பேறு எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆனால் என் கருத்தில், இருவாச்சியின் காதலாட்டத்தில் மிக முக்கியமான பகுதி முழக்கமோ மோதலோ அன்று. ஆண் பழம் கொடுப்பதுதான் அது. அத்திப் பழங்களைத் தொண்டைக்குள் சேர்த்துக்கொண்டு வரும் ஆண், பெண்ணின் அருகில் அமர்ந்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, நீண்ட அலகின் நுனியில் பிடித்து நீட்டும். பெண் உடனே வாங்கிக்கொள்வதில்லை. ஒரு முறை, அத்தி மரத்துக்கு நேர் எதிரே இருந்த வளைவில் நின்று தொலைநோக்கியில் நான் பார்த்தபோது, ஆண் நீட்டிய பழத்தைப் பெண் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஆண் பழத்தைத் தொண்டைக்குள் வாங்கி, கிளையில் ஓரடி நகர்ந்து, மீண்டும் எடுத்து நீட்டியது. பெண் வாங்கியது, ஆனால் விழுங்காமல் அலகு நுனியில் உருட்டிக்கொண்டே இருந்து, பிறகே விழுங்கியது. உடனே அடுத்த பழம் வந்தது. அடுத்து இன்னொன்று. அந்தச் சில நிமிடங்களில் எந்த ஒலியும் இல்லை.

அந்தப் பழத்தின் பொருள், அடுத்து வரப்போகும் மாதங்களை அறிந்தவருக்கே புரியும். பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தைப் பூச்சாகப் பயன்படுத்தி வாசலை உள்ளிருந்தே அடைத்துவிடும்; அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளே ஒன்று அல்லது இரண்டு முட்டைகள். அடைகாக்கும் காலம் மட்டும் 38 முதல் 40 நாட்கள். குஞ்சு ஓரளவு வளரும் வரை தாய் வெளியே வருவதில்லை. அந்தக் காலம் முழுவதும் தாய்க்கும் குஞ்சுக்குமான உணவு, அந்தப் பிளவின் வழியாக ஆண் தரும் உணவு மட்டுமே. ஆண் திரும்பி வராவிட்டால் அந்த ஆண்டின் கூடு அழிந்ததற்குச் சமம். இப்படி ஓர் இருட்டறைக்குள் தன்னை அடைத்துக்கொள்ளப் போகும் பெண், ஆணிடம் எதைச் சோதித்துப் பார்க்கும்? குரலையும் நிறத்தையும் பார்க்கும்தான். ஆனால் பழம் கொண்டுவரும் திறனையும், மறுத்தாலும் திரும்ப நீட்டும் பொறுமையையும் பார்க்காமல் இருக்க முடியாது. வாரக்கணக்கில் நீளும் அந்த ஊட்டல், வரப்போகும் வாழ்க்கையின் ஒத்திகை. எந்த மரம் எப்போது பழுக்கும் என்று ஆணுக்குத் தெரியுமா என்பதற்கு அதுவே சான்று.

காட்டுக்கோழியிடம் வந்தால் கதை முற்றிலும் வேறு. விடியற்காலையில் தோட்டச் சாலையில் நடந்தால், சேவல் ஒன்று பெட்டையைச் சுற்றி வருவதைக் காணலாம். ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் தாழ்த்தி, சிறகு நுனிகள் தரையைக் கீறும்படி, பெட்டைக்குப் பக்கவாட்டாக வளைந்து நடக்கும். அதன் கழுத்து இறகுகளை அருகிலிருந்து பார்த்தவர்கள், ஒவ்வொன்றிலும் மெழுகுத் துளிகள் உறைந்ததாகத் தோன்றும் வெண்மஞ்சள் புள்ளிகளை மறக்க மாட்டார்கள். அந்தப் புள்ளிகளின் அழகே சேவலுக்கு எமனாகவும் ஆனது; தூண்டில்காரர்கள் செயற்கைப் பூச்சி செய்வதற்காக ஒரு காலத்தில் இந்த இறகுகள் வெளிநாடுகளுக்குப் போயின. சேவல் இவ்வளவு சிரமப்பட்டாலும், முட்டையிட்ட பின் அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் பெட்டை மட்டுமே. ஆகவே பெட்டை சேவலிடம் கேட்பது வேறு: உடல் வலிமை, நோயற்ற சிவந்த கொண்டை, குறையற்ற இறகு. மழைக்காலம் வந்ததும் சேவல் அந்தக் கழுத்து இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கிய தோற்றத்துக்கு மாறிவிடுகிறது. வேலை முடிந்தபின் அணியைச் சுமந்து திரிவதில் பயனில்லை.

ஆண் எந்தப் பொறுப்பும் ஏற்காத இந்த நிலை அதன் எல்லைக்கே போனால் என்ன ஆகும் என்பதைத் தென்னமெரிக்க, நடு அமெரிக்கக் காடுகளில் காண முடிகிறது. மனக்கின் எனப்படும் சிட்டளவுப் பறவைகள் அங்கே உண்டு. பழங்கள் மிகுந்த காடு என்பதால் பெண் தனியாகவே கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சை வளர்த்துவிடும். ஆணுக்கு ஆட்டத்தைத் தவிர வேறு கடமை இல்லை. ஈக்வடார், கொலம்பியா மலைச் சரிவுகளில் வாழும் ஓர் இனத்தின் ஆண், குரலால் அன்றி இறக்கையால் பாடுகிறது. அதன் இறக்கைச் சிறகு ஒன்றில் வரிவரியான மேடுகள் இருக்கின்றன; பக்கத்துச் சிறகின் வளைந்த நுனி அவற்றின் மீது உரசுகிறது. சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் ஓர் ஒலி வருமே, அதே முறைதான். முதுகுக்கு மேல் இறக்கைகளை உயர்த்தி நொடிக்கு 107 முறை அடிப்பதால், 1500 ஹெர்ட்ஸ் அளவில் வயலின் நாதத்தை ஒத்த தெளிவான ஒற்றைச் சுரம் எழுகிறது. 2005-இல் அதிவேகக் கேமராவால் இதை நிறுவினார்கள். அந்தப் பறவையின் இறக்கை எலும்பு, பறப்பதற்கு ஏற்றபடி உள்ளீடற்று இல்லாமல் திண்மையாக இருப்பதும் பின்னர் தெரியவந்தது. ஒரு சுரத்துக்காக எலும்பே மாறியிருக்கிறது.

அதே குடும்பத்தின் நீள்வால் மனக்கின்களில் இரண்டு ஆண்கள் கூட்டுச் சேர்கின்றன. இரண்டும் ஒரே குரலில் அழைத்து, பெண் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று தாவித் தாவி ஆடும். பெண் இணங்கினால் இணைவது மூத்த ஆண் மட்டுமே. இளையது பல ஆண்டுகள் உடன் ஆடிவிட்டு, மூத்தது போன பிறகே அந்த இடத்துக்கு வரும். குரல்கள் எவ்வளவு துல்லியமாக ஒத்திசைகின்றன என்பதைப் பெண் கேட்கிறது என்றால், அத்தனை ஆண்டுப் பயிற்சியையும் அது சேர்த்தே கேட்கிறது.

அமேசான் பகுதியின் வெண்மணிப்பறவையைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். கால் கிலோ எடையே உள்ள அந்தப் பறவையின் குரல் ஒரு மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை எட்டுகிறது. பறவைகளில் பதிவான மிக உரத்த குரல் அதுதான். இதில் என்னைக் கவர்ந்த செய்தி வேறு. அந்த மிக உரத்த பாட்டைப் பெண் அதே கிளையில் அமர்ந்திருக்கும்போதுதான் ஆண் பாடுகிறது. முதல் சுரத்தை வேறு பக்கம் பார்த்துப் பாடிவிட்டு, சட்டென்று திரும்பி இரண்டாவதைப் பெண்ணின் முகத்துக்கு நேரே எழுப்புகிறது. பெண் அதற்கு முன்பே பின்னுக்குப் பறந்துவிடுகிறது. ஆனால் முற்றிலும் விலகிப் போய்விடுவதில்லை. காது நோகும் அபாயத்தை ஏற்றுக்கொண்டு அருகிலிருந்து கேட்க வேண்டிய ஏதோ ஒன்று அந்தக் குரலில் இருக்கிறது.

காட்டில் ஒலிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், கண் அங்கே தொலைவு போவதில்லை. இலையும் தண்டும் கொடியும் பத்தடிக்கு அப்பால் பார்வையை மறித்துவிடும். ஒலிக்கும் தடை உண்டு. உயர்ந்த சுரங்களை இலைகள் சிதறடிக்கின்றன. வேகமான அதிர்குரல் மரத்தண்டுகளில் மோதி எதிரொலித்து ஒன்றோடொன்று குழம்பிவிடும். 1975-இல் பனாமாக் காடுகளில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, 1500 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே காட்டுக்குள் நன்றாகப் பயணிக்கின்றன என்றும், அங்குள்ள பறவைகளின் பாட்டு அந்த அளவை ஒட்டி, இழுத்து ஒலிக்கும் தூய சுரங்களாக இருக்கிறது என்றும் காட்டியது. நம் காட்டில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை ஏன் அவ்வளவு நிதானமாக ஏறி இறங்குகிறது, மலைப்புறாக்களின் ஆழ்ந்த "ஊம்" ஏன் பள்ளத்தாக்கின் மறுபுறம் வரை கேட்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலை இவை எல்லாவற்றுக்கும் உகந்த நேரம். வெயில் ஏறிச் சிள்வண்டுகள் தொடங்கிவிட்டால், எவ்வளவு நல்ல பாட்டும் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

கேட்பது பெண், பாடுவது ஆண் என்று இதுவரை நான் எழுதியதில் ஒரு திருத்தம் தேவை. குளிர்நாட்டுப் பறவைகளை வைத்து உருவான எண்ணம் அது. உலகெங்கும் உள்ள பாடும் பறவைகளின் தகவல்களைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வு, கணக்கில் எடுத்த இனங்களில் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுகிறது என்று கண்டது. முன்னோர் பறவைகளிலும் இரண்டும் பாடியிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. வெப்பமண்டலக் காடுகளில் பல இணைகள் ஆண்டு முழுவதும் ஒரே எல்லையைக் காத்து வாழ்வதால், பெண்ணின் குரலுக்கும் அங்கே வேலை இருக்கிறது. எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள சோலையில் அரிவாள்மூக்குச் சிலம்பன் இணை ஒன்று இருக்கிறது. வளைந்த மஞ்சள் அலகும் வெண்புருவமும் கொண்ட அந்தப் பறவையின் ஆண் "ஊப்-பு-பு-பு" என்று குழலிசையாய் அழைத்து முடிக்கும் கணத்தில், பெண் ஒரு குறுகிய கரகரப்பான விடையைத் தொடுத்துவிடும். இடைவெளி அவ்வளவு நுண்ணியது. புதரின் இரு புறத்திலிருந்து இரண்டு பறவைகள் வெளியே வரும் வரை, ஒரே பறவை பாடுகிறது என்றே கேட்பவர் நம்புவார். ஆண் அழைத்தும் பெண் விடை தராத நேரங்களில், ஆண் பாட்டை நிறுத்திவிட்டு இடம் மாறி மறுபடி அழைப்பதையும் கேட்டிருக்கிறேன்.

இப்போது எனக்கு வருத்தம் தரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பறவைகளின் குரலைக் கைப்பேசியிலோ சிறு ஒலிபெருக்கியிலோ ஒலிக்கவிட்டு, அவற்றை வெளியே வரவழைத்துப் படம் எடுக்கும் பழக்கம் இந்தச் சாலையில் பெருகிவிட்டது. சென்ற கோடையில் ஒரு குழுவினர் தீக்காக்கையின் குரலை மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டார்கள். செந்நிற வயிறும் மார்பில் வெண்பட்டையும் கொண்ட ஆண், தன் எல்லைக்குள் வேற்று ஆண் புகுந்துவிட்டது என்று நம்பி, அவர்களின் தலைக்கு மேலேயே வந்து அமர்ந்து கத்திக்கொண்டிருந்தது. சற்றுப் பின்னால், பழுப்பு நிறப் பெண் அலகில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தபடி காத்திருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. கூடு அருகில்தான் இருந்திருக்க வேண்டும். மனிதர்கள் நிற்கும்போது அது கூட்டுக்குப் போகாது. தீக்காக்கைகளில் ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கின்றன, இருவரும் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அத்தனை நேரமும் கூட்டில் எந்தப் பெற்றோரும் இல்லை. நான் அருகில் சென்று சொன்னபோது அவர்கள் மரியாதையாகவே அணைத்துவிட்டார்கள். தெரியாமல் செய்கிறவர்களே அதிகம் என்பது என் அனுபவம். ஆகவேதான் எழுதுகிறேன். ஆணின் கோபத்தைத் தூண்டி எடுக்கும் படத்தில், அந்த ஆண் தன் இணைக்கும் குஞ்சுக்கும் தர வேண்டிய நேரம் செலவாகியிருக்கிறது. மேலும், எந்த ஆணின் குரல் வலிமையானது என்று பெண் ஒப்பிட்டுக் கேட்கும் காட்டில், களைப்பே அறியாத ஒரு பொய்க்குரலை நாம் புகுத்துகிறோம்.

வண்டிகளின் இரைச்சலுக்கும் ஒலிப்பானுக்கும் இதே கணக்குத்தான். எஞ்சினின் இரைச்சல் தாழ்ந்த ஒலி. இருவாச்சியின் குரலும் மலைப்புறாவின் குரலும் பயன்படுத்துவது அதே தாழ்ந்த பகுதியை. வளைவுகளில் ஒலிப்பான் அடிக்க வேண்டியிருக்கும். மற்ற இடங்களில், குறிப்பாகக் காலை ஒன்பது மணிக்கு முன், அடிக்காமல் இருக்க முடியும்.

இருவாச்சிக்கு வேறொரு தேவையும் உண்டு: பொந்து. தன் அலகால் மரத்தைக் குடைய அதனால் முடியாது. பெருங்கிளை ஒடிந்த வடுவில் பல்லாண்டுகள் உளுத்து உருவான பொந்துதான் அதற்கு வேண்டும். அவ்வளவு பருமனான மரம் பழங்காட்டில்தான் கிடைக்கும். பெண் எவ்வளவு தேர்ந்தெடுத்தாலும், உள்ளே தலையை விட்டுப் பார்க்கப் பொந்தே இல்லாவிட்டால் முழக்கமும் பழமும் வீண். வாழச்சால் காட்டில், முந்தைய தலைமுறையில் குஞ்சுகளை உணவுக்காக எடுத்துவந்த காடர்களே இன்று வனத்துறையோடு சேர்ந்து கூட்டு மரங்களைக் காக்கிறார்கள். பெண் உள்ளே போய் வாசலை அடைத்த நாள், ஆண் பழத்தோடு வந்த நேரங்கள், குஞ்சின் குரல் முதலில் கேட்ட நாள் என்று எல்லாம் குறிப்பேட்டில் ஏறுகின்றன. குஞ்சு பறக்கும் முன்பே தாய் பூச்சை உடைத்து வெளியே வந்துவிடும். குஞ்சு உள்ளிருந்து வாசலைத் தானே மறுபடி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு தாயும் தந்தையும் சேர்ந்து ஊட்டும்.

இந்தச் சாலையில் கேட்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஜனவரி, பிப்ரவரியில் இருவாச்சி இணைகளின் முழக்கத்தைக் காலை வெயில் மரவுச்சியில் படும் நேரத்தில் கேட்கலாம். பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டால், அதற்கு அடியில் நிற்காமல், எதிர்ச்சரிவில் வண்டியை ஓரம் கட்டி உள்ளேயே இருப்பது நல்லது. வெண்விழி கொண்ட பறவை எது என்று முதலில் தேடுங்கள். காட்டுக்கோழி ஆட்டத்துக்கு மார்ச் வரை நேரம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் எந்தப் பொந்தின் அருகிலும் போக வேண்டாம். சீகாரப் பூங்குருவி தென்மேற்குப் பருவமழை இறங்கியபின்தான் முழுக்குரலில் பாடும். ஜூன் மாதத்தில் ஓடைப் பாலங்களின் அருகே, வானம் வெளுப்பதற்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால், அதைக் கேட்க வருபவர்கள் முந்தைய நாள் இரவே வால்பாறையில் தங்கிவிட வேண்டும். குடையைவிட மழைக்கோட்டு நல்லது, ஏனெனில் குடையில் விழும் மழையின் சத்தத்தில் பாட்டுக் கேட்காது.